தேருக்காக அணைத்த கரண்ட்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஆய்வுக்கூடத்தில் மின்விசிறி போட முடியாது. காற்று பட்டால் மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தால் சவ்வு உடையும். புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வேலை.

செய்ய வேண்டியவை: டெஃப்லான் கிண்ணங்களை ஊறவைக்க. உப்புக் கரைசல் புதிதாக. டேவிட்டிடம் கூண்டுக் கதவு பற்றி. தக்காளி, கொத்தமல்லி. மாமியாருக்கு முட்டிவலித் தைலம்.

செய்தது: தைலம்.

மத்தியானம் டைரக்டர் கூப்பிட்டார் (இனிமேல் டை. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது). எங்களுக்குப் பணம் தரும் அறக்கட்டளை கணக்கு முடிக்கும் மாதம். இந்த மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு சானல் திறந்து மூடுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பார்த்தால் மேஜை என்னுடையது. இல்லாவிட்டால் மேஜையைப் பிரித்துவிட்டு என்னைப் பெருங்குடிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே புது ஷெட் எடுத்திருக்கிறார்கள், சர்க்கரை வியாதிக்காரர்களின் ரத்தத்தைச் சோதிக்கும் பட்டை செய்ய. நல்ல வேலைதான், நாலு பேருக்கு உபயோகமானதும்கூட. ஆனால் நான் கல்லூரி முடித்த நாளிலிருந்து பார்க்க ஆசைப்பட்டது அது இல்லை.

கடிதத் தாளில் இன்னும் மெட்ராஸ் என்றுதான் அச்சடித்திருக்கிறது. தீர்ந்த பிறகுதான் சென்னை வருமாம்.

மார்ச் 5, புதன்

தி.நகர். நாத்தனார் பெண் கல்யாணத்துக்குப் புடவை. பனகல் பார்க் பக்கம் கால் வைக்க இடமில்லை. கடையில் இவருடைய மேனேஜர் மனைவியைப் பார்த்தோம். என்ன ஆராய்ச்சி என்று கேட்டுவிட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

சொன்னேன். உடம்பில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு. எண்ணெய்ப் படலம் மாதிரி, உப்பு அதில் நுழையாது. ஆனால் உப்பு உள்ளே போய் வெளியே வந்தால்தான் நரம்பு பேசும், இதயம் துடிக்கும். அதனால் சவ்வில் அங்கங்கே வாசல்கள். திறக்கும், மூடும். அதுதான் சானல். நான் கிண்ணத்தில் ஒரு பொய்ச் சவ்வு செய்து, அதில் கிராமிசிடின் என்ற ஒன்றை விடுகிறேன். மண்ணில் வாழும் ஒரு கிருமி செய்வது. ஒவ்வொன்றும் பாதிக் குழாய்தான். சவ்வின் இந்தப் பக்கம் ஒரு பாதி மிதக்கும், அந்தப் பக்கம் ஒரு பாதி. தற்செயலாக நேருக்கு நேர் வந்து கோத்துக்கொண்டால் வழி உண்டாகும், உப்பு பாயும், அது துளிக் கரண்டாகப் பதிவாகும். கொஞ்ச நேரம்தான். பிரிந்தால் மூடிவிடும்.

அந்த அம்மாள், “அப்போ இது எதுக்கு ஆகும்?” என்றார். நியாயமான கேள்வி. டைபாய்டு கிருமியைப் பிடிக்கிற கொக்கி ஒன்றை ஒரு பாதியில் மாட்டிவிட்டால், ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்தப் பாதி சிக்கிக்கொள்ளும். ஜோடி சேர வராது. கரண்ட் நின்றுவிடும். டைபாய்டா இல்லையா என்று உட்கார்ந்த இடத்தில் தெரிந்துவிடும். பல நாள் காத்திருக்க வேண்டாம். அதற்கெல்லாம் முன்னால் கொக்கி இல்லாத ஒரே ஒரு வாசல் திறப்பதைப் பார்த்தாக வேண்டும்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் மாம்பழ பார்டரைத் தடவ ஆரம்பித்துவிட்டார். கோபம் வரவில்லை. எனக்கே சொல்லிக்கொண்டது மாதிரி இருந்தது. இரண்டு பாதிகள், ஒன்றுக்கு ஒன்று முகம் தெரியாமல், கொழுப்புக் கடலின் இரண்டு பக்கமும். பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்து ஸ்டாப்பைத் தவறவிட்டோம். இவர் பையைத் தூக்கிக்கொண்டு லஸ்ஸிலிருந்து முணுமுணுத்தபடியே நடந்தார்.

மார்ச் 7, வெள்ளி

வந்துவிட்டது!

படிகள். சார்ட் ரெக்கார்டரின் பேனா தானாக எழும்பி, நின்று, இறங்கியது. கரண்ட் இரைச்சலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு, யார் பார்த்தாலும் தெரியும்படி. போன மாதமும் இப்படி வந்தது, ஆனால் யாரையும் கூப்பிடுவதற்குள் நின்றுவிட்டது. இன்று டை. அறைக்கு ஓடினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேனா என்றுகூட நினைவில்லை. அவர் வந்து நின்றார். பார்த்தார். “படியெல்லாம் ஒரே உயரமா இல்லையே” என்றார். பல வாசல்கள் சேர்ந்து திறப்பதாக இருக்கும் என்றேன். தலையாட்டினார். இன்றைக்கே அறக்கட்டளைக்கு எழுதுகிறாராம்.

வீட்டுக்கு மல்லிகைப்பூ, மைசூர்பாகு. மாமியார் என்ன விசேஷம் என்றார். திறந்தது என்றேன். “பேஷ்” என்றார், எது என்று கேட்காமலே.

மார்ச் 10, திங்கள்

ஒன்றுமில்லை. காலை முழுக்க வெறும் இரைச்சல். சனிக்கிழமையும் இல்லை.

டேவிட் (எங்கள் கருவி மெக்கானிக், சாந்தோம் குப்பத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம்) சாலிடர் புகையை ஊதிவிட்டுக்கொண்டே சொன்னார்: “இன்னா மேடம் இது. வெள்ளிக்கிழமை வந்தாதான் தொறக்குது. சாமி வந்தா மாதிரி.”

சிரித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சாயங்காலம். மாமியார் மெஷினில் அரைத்து வந்த சீயக்காய்ப் பொடியை டப்பாவில் கொட்டச் சொன்னார். கொட்டினேன். கை கழுவினேன். உள்ளங்கையில் நுரை.

அப்படியே நின்றேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் உள்ளேயிருந்து, ஜலம் வீணாறது என்றார்.

வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளியல். ஈரத் தலையோடு ஆய்வுக்கூடம். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி ஒதுக்கி, அதே விரலால் கிண்ணம். சீயக்காய் நுரைக்கும். நுரைப்பது எல்லாம் கொழுப்பைத் துளைக்கும். கல்லூரியில் பாடம் எடுத்தபோது முதல் வருடப் பெண்களுக்கு நானே பரீட்சையில் கேட்டிருக்கிறேன் இதை.

ஒரு பிடி பொடியைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

சோதித்தேன். கிராமிசிடின் இல்லாத வெறும் சவ்வு. சீயக்காய் கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு. பேனா உடனே எழும்பியது. பெரிய படி, சின்னப் படி, கோணல் படி. வெள்ளிக்கிழமை பார்த்ததே.

டை.யிடம் போய்ச் சொன்னேன். அவர் கடிதம் போய்விட்டது. திட்டியிருந்தால் தேவலை. “உங்க வீட்டு சீயக்காய் நல்ல சீயக்காயாத்தான் இருக்கணும்” என்றார். பிறகு பெருங்குடிக்கு மேஜை நாற்காலிப் பட்டியல் தயார் செய்யச் சொன்னார்.

டேவிட்டுக்கு நடந்ததைச் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, “இப்ப இன்னா, நெஜம் எங்க கீது?” என்றார்.

அதுதான் கேள்வி. நிஜம் சின்னது. அதன் படி இரைச்சலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். இரைச்சல் எங்களுடையது அல்ல. மெயின் ஸ்விட்சை அணைத்துப் பார்த்தாயிற்று, ஆம்ப்ளிஃபயரை பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாயிற்று. சந்துக் கோடியில் டிரான்ஸ்ஃபார்மர். ஜன்னலுக்கு எதிரே வடக்கு மாடவீதிக்குப் போகிற கம்பிகள். மேஜையைச் சுற்றின கோழிவலைக் கூண்டு அவ்வளவையும் தடுக்காது. ஊர் முழுவதின் கரண்ட்டும் என் கிண்ணத்தில் முனகுகிறது.

மார்ச் 15, சனி

நேற்று வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை. மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

இன்று காலை காபி. இவர் பேப்பரைப் படித்துக்கொண்டே அலுத்துக்கொண்டார். வியாழக்கிழமை கோயில் தேர், வெள்ளிக்கிழமை அறுபத்துமூவர் ஊர்வலம், இரண்டு நாளும் மாடவீதிப் பக்கம் கரண்ட் இருக்காது. தேர் உயரத்துக்குக் கம்பியில் படும் என்று அணைத்துவிடுவார்கள். ஆபீஸுக்கு, அடையாறு கிளைக்குச் சீக்கிரமே கிளம்பிப் போய் அங்கேயே விசிறிக் காற்றில் உட்காரலாம் என்று.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

வருஷா வருஷம் பார்க்கிற தேர். வருஷா வருஷம் அணைக்கிற கரண்ட். விளக்கு போனதற்கு அலுத்துக்கொண்டதோடு சரி. சும்மா போகிற கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை, சவ்வு போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும். இது சொல்லிவிட்டுப் போகிறது.

மார்ச் 17, திங்கள்

டேவிட்டிடம் சொன்னேன். முதலில் உதட்டைப் பிதுக்கினார். கரண்ட் இல்லாவிட்டால் ரெக்கார்டர் ஓடாது, பேனா நகராது, எதைப் பார்ப்பது? பார்க்க வேண்டாம், கேட்கலாம் என்றேன். சவ்வில் கரண்ட் ஏறினால் சத்தத்தின் சுருதி ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். அப்படி ஒரு சின்னப் பெட்டி, பேட்டரியில் ஓடுவது.

யோசித்தார். தலையைச் சொறிந்தார். உதிரி பாகம் தேடி ரிச்சி தெருவுக்குப் போய்விட்டார்.

இன்னொரு கஷ்டம். தேர் எங்கள் பக்கம் வந்தால் மேளம். மேளம் வந்தால் அதிர்வு, சவ்வு போச்சு. ஆகவே கரண்ட் போனதற்கும் மேளம் வருவதற்கும் நடுவில்தான் நமக்கு நேரம். தேர் மேற்கு மூலையில் திரும்புவதற்கு நெடுநேரம் நிற்கும். முட்டுக்கட்டை போட்டு, வடத்தைப் பிரித்து, திருப்பி. அந்த நேரம்.

தேர் மெதுவாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாமா? தப்பா?

மார்ச் 19, புதன்

பெட்டி தயார். தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் இருக்கிறது, ஸ்பீக்கர் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கியது. டேவிட் விரலால் வயரைத் தொட்டார், பெட்டி கத்தியது. “உயிரோட கீது மேடம்” என்றார்.

மேஜையின் கருங்கல் பலகைக்கு அதிர்வு ஏறாமலிருக்க, கீழே ஸ்கூட்டர் ட்யூபுக்குக் காற்று அடித்தோம். டார்ச்சுக்குப் புது பேட்டரி. பதிவு செய்ய இவருடைய டேப் ரெக்கார்டர். வீட்டில் பெயர் எழுதாத கேசட் ஒன்று கிடைத்தது, எடுத்துவைத்துக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

முதலில் தலைக்குளியல் சண்டை. மாமியாருக்கு இந்தத் தெருவில் பாட்டு வாத்தியார் என்று நல்ல பெயர், தேர் நாளில் வீட்டில் ஒரு சம்பிரதாயம் தவறக் கூடாது. “தேர் அன்னிக்குத் தலைக்கு ஜலம் விட்டுக்காம வாசப்படி தாண்டுவாளோ ஒருத்தி?” ஜலம் விட்டுக்கொள்கிறேன், சீயக்காய் மட்டும் வேண்டாம் என்றேன். அப்போ பயத்தமாவு என்றார். அதன் மேலும் எனக்குச் சந்தேகம். வெறும் தண்ணீர். எண்ணெய் பிசுக்கோடு பின்னி, பிளாஸ்டிக் தொப்பிக்குள் முழுத் தலையையும் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். இவர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாதது பெரிய மனசு.

சந்து முழுக்கத் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பானை, விசிறி விற்பவர்கள். கூட்டத்தில் நீந்தித்தான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன். எல்லாருக்கும் லீவு. நானும் டேவிட்டும் மட்டும்.

கரண்ட் இருக்கும்போதே கிண்ணத்தைத் தயார் செய்தோம். பெட்டியைப் போட்டால் ஒரே முனகல், தேனீக் கூட்டம் மாதிரி. காத்திருந்தோம். லைன்மேன் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போவதை டேவிட் ஜன்னலில் பார்த்துச் சொன்னார்.

பிறகு அது நின்றது.

நின்றதை எப்படி எழுதுவது? பெட்டியிலிருந்து ஒரே ஒரு மெல்லிய ஸ்வரம். வேறு எதுவும் இல்லை. இத்தனை வருடமாக ஊரின் கரண்ட் எனக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது போல, அது நின்றதும் தோள் தானாக இறங்கியது. டேவிட் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தூரிகையால் துளையின் மேல் கொழுப்பைத் தடவினேன். டேவிட் டார்ச் பிடித்தார். லென்ஸ் வழியாக வர்ணங்கள். சோப்புக் குமிழியில் தெரிவதுபோல் பச்சை, ரோஸ், மஞ்சள். பிறகு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது பரவியது. கறுப்பு என்றால் அங்கே இரண்டு மூலக்கூறு தடிமன்தான், வெளிச்சம் திரும்பிவரக்கூட இடமில்லை. எத்தனையோ முறை பார்த்ததுதான்.

கிராமிசிடின், சொட்டு.

வெளியே நாகஸ்வரம் எங்கேயோ. தேர் இன்னும் மேற்கில். மெல்லிய ஸ்வரம் அப்படியே நீண்டுகொண்டிருந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. என் காது எனக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தது, இல்லை இல்லை என்று.

அப்போது ஏறியது.

சட்டென்று. வழுக்கிக்கொண்டு அல்ல. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு, படி ஏறின மாதிரி. நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இறங்கியது. அதே பழைய இடத்துக்கு.

டேவிட் மெதுவாகக் கேட்டார்: “இது எத்தினி மேடம்?”

“ஒண்ணு.”

“ஒரே ஒண்ணா?”

ஒரே ஒன்றுதான். கண்ணால் பார்க்க முடியாத, எந்த மைக்ராஸ்கோப்பிலும் பிடிபடாத இரண்டு பாதிகள் கோத்துக்கொண்டன. அந்தக் கணத்தில் உப்பு அந்த வழியாக ஒற்றை வரிசையில் ஓடியது, நொடிக்குக் கோடியாக. பிறகு கையை விட்டுவிட்டன. அதை நான் இந்தச் சந்தில், பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு, காதால் கேட்டேன்.

மறுபடியும் ஏறியது. அதே உயரம். இறங்கியது. மறுபடியும். ஒரு தடவை ஏறினதற்கு மேல் இன்னொரு படி ஏறியது, இரண்டு வாசல். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது. சீயக்காயின் கோணல் படி ஒன்றுகூட இல்லை. டேப் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று டேவிட் இரண்டு தரம் குனிந்து பார்த்தார். அழுதேன், கிண்ணத்தில் விழாமல் தள்ளி நின்று.

தேர் திரும்பிவிட்டது. மேளம் கிட்ட வரவர ஸ்வரம் நடுங்க ஆரம்பித்தது. தரையில் அதிர்வு. சவ்வு போனது, பெட்டி கீச்சிட்டது, டேவிட் அணைத்தார்.

ஜன்னலுக்குப் போனோம். தேர் எங்கள் சந்து முனையைக் கடந்துகொண்டிருந்தது. அத்தனை உயரம், அத்தனை ஆள், அத்தனை வடம். கையெடுத்துக் கும்பிட்டேன். டேவிட் சிலுவை போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை, எனக்கும் எதற்கு என்று சரியாகச் சொல்லத் தெரியாது.

அசோக் நகரில் டை. வீட்டுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். “கிராமிசிடின் போடாம கேட்டீங்களா?” கேட்கவில்லை, நேரமில்லை. “நாளைக்கு வெள்ளிக்கிழமை. அதனாலதான் சொல்றேன், நாளைக்கு முதல்ல போடாம, அப்புறம் போட்டுக் காட்டுங்க. நான் வரேன்.”

மார்ச் 21, வெள்ளி

டை. வந்தார், வேட்டியில். பேன்ட் இல்லாமல் அவரைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. அறுபத்துமூவருக்குக் கூட்டம் நேற்றை விட அதிகம். சட்டை பட்டன் ஒன்று கூட்டத்தில் போய்விட்டதாம்.

கரண்ட் போனது. சவ்வு கறுத்தது. இன்றைக்கு முதலில் வெறும் சவ்வு, எதுவும் சேர்க்காமல்.

டை. ஸ்டூலில், டேவிட் தரையில், நான் நின்றுகொண்டு. ஒரே ஸ்வரம். அசையவேயில்லை. என் வேலையில் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக இப்படி வேண்டிக்கொண்டது இல்லை. வெளியே ஒவ்வொரு பல்லக்காகப் போகிற சத்தம் தூரத்தில், உள்ளே அந்த நேர்க்கோடு. வெள்ளிக்கிழமை. சீயக்காய் இல்லை. ஒன்றுமில்லாததும் இவ்வளவு அழகாக இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

போதும் என்று டை. கை காட்டினார். பிப்பெட்டை அவர் கையில் கொடுத்தேன். அவரே சொட்டினார்.

காத்திருந்தோம். மேளம் நெருங்குகிற மாதிரி இருந்தது. நான் டேவிட்டைப் பார்த்தேன், டேவிட் ஜன்னலைப் பார்த்தார்.

ஏறியது.

டை. அசையவில்லை. ஏறின ஸ்வரம் நின்றுகொண்டேயிருந்தது, நேற்றைவிட நீளமாக. பிறகு இறங்கியது. அவர் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது. “மூடிடுச்சே” என்றார்.

மறுபடியும் திறந்தது. அவர் சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் பல்லைப் பார்த்தது இதுவே முதல் தடவை.

முடிவு ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். டேப் ரெக்கார்டரையும் கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு, மோர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு நானும் கிளம்பினேன். காதில் அந்த இரண்டு ஸ்வரம்.

மார்ச் 22, சனி

ஐயோ. கேசட்.

பெயர் எழுதாதது என்று எடுத்தேனே, மாமியார் மாணவிகளுக்காகப் பாடிப் பதிவு செய்த பாடமாம். காலையில் மாணவி வந்திருக்கிறாள். பாடத்தைப் போட்டிருக்கிறார். பாடம் வரவில்லை, என் வாசல்கள் வந்திருக்கின்றன.

நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். திட்டு விழும் என்று தயாரானேன். அவர் டேப் ரெக்கார்டர் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, விரலால் தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளம் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாணவி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுகந்தி, யாருடி இது? ரெண்டே ஸ்வரத்தை வெச்சுண்டு. எப்போ ஏறும்னு சொல்ல முடியல்லே. ஆனா ஏறினா, ஒவ்வொரு தரமும் அதே இடம். இம்மி பிசகல்லே.”

ஒவ்வொரு தரமும் அதே இடம். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பாடு. எந்தப் பேனாவும் அதை இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்காது.

யார் என்று சொன்னேன். வாசல், சவ்வு, இரண்டு பாதி. மேனேஜர் மனைவியிடம் சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். பாதியில் கேட்டார்: “அது என் உள்ளேயும் இருக்கோ?” இதுவே இல்லை, இது கிருமி செய்தது, ஆனால் இது மாதிரி வாசல் எல்லார் உள்ளேயும் உண்டு, இப்போதும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது என்றேன். மார்பில் கை வைத்துக்கொண்டார். பாடம் அழிந்ததைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும்தான். சாயங்காலம் சொன்னார்.

மார்ச் 24, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. எதிர்வீட்டு மாவிலை எல்லாம் சுருண்டுவிட்டது.

டை. முடிவு. மேஜை பிரிக்க வேண்டாம். ஆனால் இங்கே இருக்காது, ஆய்வுக்கூடம் இருக்கும் இந்த வாடகை வீட்டை அறக்கட்டளை விடுகிறது. எல்லாரும் பெருங்குடிக்கு. காலையில் சர்க்கரைப் பட்டை, மத்தியானம் என் வாசல்கள். ஒரு வருடம். “அறக்கட்டளைக்கு என்னால இவ்வளவுதான் சொல்ல முடிஞ்சது. அந்தச் சத்தத்தை அவங்க கேக்கல இல்ல” என்றார்.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. தொழிற்பேட்டை. பட்டை அடிக்கிற மெஷின், மோட்டார், வெல்டிங். இங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அங்கே எத்தனையோ. தேரும் கிடையாது. மேஜை இருக்கும், ஸ்வரம் கேட்காது. வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் கிடைத்ததும் போய்விட்டதே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கோயில் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், சீயக்காய் போட்டு. மாமியாருக்காக. சாமான் கட்டுகிற நாள்தான், கிண்ணம் தொடவில்லை.

கட்டினவை: கருங்கல் பலகை (இரண்டு ஆள்). கூண்டு. ட்யூப்கள், காற்று இறக்கி. கிண்ணங்கள், நானே. பெட்டியை டேவிட் யாரிடமும் தரவில்லை.

மார்ச் 31, திங்கள்

டெம்போவில் பெருங்குடி. நானும் டேவிட்டும் பின்னால், பலகையைப் பிடித்துக்கொண்டு. அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டினதும் காற்று மாறியது. சதுப்பு நிலம், வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். தூரத்தில் குப்பைமேட்டுப் புகை. டேவிட் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

ஷெட் தனியாக நிற்கிறது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். கம்பம் நடவில்லையாம், லைன் இழுக்கவில்லையாம், மழைக்காலத்துக்கு முன்னால் கரண்ட் வந்தால் அதிர்ஷ்டமாம். மெஷின்கள் அதுவரை வராது. ரொம்பச் சிரமம் உங்களுக்கு என்று கையைப் பிசைந்தார்.

சுற்றிப் பார்த்தேன். ஒரு கம்பி இல்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் புல்லும் தண்ணீரும்.

டேவிட் என்னைப் பார்த்தார். நான் டேவிட்டைப் பார்த்தேன். அவர் சூப்பர்வைசரின் தோளில் கை போட்டு, “அவசரமே இல்ல நைனா” என்றார்.

பலகையை ஜன்னலோரம் இறக்கினோம். ட்யூபுக்குக் காற்று. பெட்டியைப் போட்டார். ஒரே ஸ்வரம், நடுக்கமில்லாமல், பட்டப்பகலில். வெளியே தேர் இல்லை, யாரும் எதையும் அணைக்கவில்லை. நாளைக்கும் இப்படியே இருக்கும். நாளை மறுநாளும்.

மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். டேவிட் டார்ச் பிடிக்கிறார். தடவிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பச்சை. ரோஸ். நடுவில் கறுக்க ஆரம்பித்து—